ஸ்ரீராம நவமிக்குப் பானகமும் நீர்மோரும்

சைத்ர மாதத்துச் சுக்லபட்ச நவமியில், புனர்வசு நட்சத்திரத்தில், கடக லக்னத்தில் ஸ்ரீராமபிரான் திருவவதாரம் செய்தருளினார் என்று வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டம் கூறுகிறது. தமிழ்க் கணக்கில் இத்திருநாள் பங்குனியிலோ சித்திரையிலோ அமையும். அவதாரம் நிகழ்ந்தது நண்பகலில் என்பது மரபு. ஆதலால் இந்தப் பூஜை, வெயில் தலைக்கு மேல் நிற்கும் உச்சிவேளையில் நடைபெறுகிறது.

மற்றப் பண்டிகைகளுக்கு எண்ணெய்ச் சட்டியும் பாகும் வேண்டும். ஸ்ரீராம நவமிக்கு வேண்டுவன வெல்லம், தயிர், நீர், ஊறவைத்த பயத்தம்பருப்பு ஆகியவையே. பெரும்பாலும் அடுப்பு மூட்டாமலே முடியும் நைவேத்தியம் இது. விசுவாமித்திர முனிவரோடு கானகம் நடந்தபோதும், பின்னர் வனவாச காலத்திலும், முனிவர்கள் அளித்த பானகத்தையும் நீர்மோரையும் ராமபிரான் உவந்து ஏற்றார் என்பது செவிவழியாக வழங்கும் செய்தி. சக்கரவர்த்தித் திருமகனாகப் பிறந்தும் வெயிலில் நடந்த பெருமானுக்கு, வெயிலில் நடப்பவனுக்கு எது வேண்டுமோ அதையே படைப்பது பொருத்தமன்றோ!

தலங்களில் பானகம்

பானகத்துக்கென்றே புகழ்பெற்ற தலம் ஒன்று ஆந்திர மாநிலத்தில், விஜயவாடாவை அடுத்த மங்களகிரியில் உள்ளது. மலைமேல் எழுந்தருளியிருக்கும் நரசிம்மப் பெருமானுக்குப் பானகால நரசிம்மர் என்றே திருநாமம். அர்ச்சகர் சங்கினால் பானகத்தைப் பெருமானின் திருவாயில் வார்க்கிறார். உட்கொள்ளும் ஓசை கேட்பதாகவும், ஓரளவுக்குப் பின் அந்த ஓசை நின்றுவிடுவதாகவும் அடியார்கள் கூறுவர். ஓசை நின்ற பிறகு எஞ்சிய பானகம் பக்தருக்குப் பிரசாதம். எவ்வளவு கொண்டு சென்றாலும் பாதியைப் பெருமான் ஏற்று, மறுபாதியைத் திருப்பித் தருகிறார் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. கிருத யுகத்தில் அமுதமும், திரேதா யுகத்தில் நெய்யும், துவாபர யுகத்தில் பாலும் ஏற்ற அப்பெருமான், கலியுகத்தில் பானகத்தால் திருப்தியடைகிறார் என்று தலபுராணம் சொல்லும். அமுதத்துக்கும் நெய்க்கும் வழியற்ற எளியவனும் வெல்லம் கரைத்து எடுத்துச் செல்லலாம். அவனுக்கும் பாதி திரும்பக் கிடைக்கும்.

தெலங்கானத்தின் பத்ராசலத்தில் சீதா கல்யாணம் கண்டு திரும்பும் அடியார்க்குப் பானகமும் பயத்தம்பருப்பும் பிரசாதமாகின்றன. கர்நாடகத்தில் பானகம், மஜ்ஜிகே என்னும் மோர், கோசம்பரி என்னும் பருப்புக் கலவை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ராம நவமி நிறைவு பெறும். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் எழுந்தருளும் வழியெங்கும், மண்டகப்படிகளை ஒட்டி நீர்மோரும் பானகமும் குடம் குடமாக வார்க்கப்படுகின்றன. மதுரைப் பக்கத்திலும் கொங்கு நாட்டிலும் புளி கரைத்து வெல்லம் சேர்த்த பானக்காரம் அம்மன் கோயில் திருவிழாக்களில் வழங்குவது உண்டு. பெயரும் பக்குவமும் மாறினாலும் நோக்கம் ஒன்றே: தெய்வத்துக்குப் படைத்தது தாகித்தவனுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அளவு ஏன் முக்கியம்?

நைவேத்தியத்துக்கு ஒரு நியதி உண்டு. பகவானுக்குக் கண்டருளப் பண்ணும் முன் அதை ருசி பார்க்கலாகாது, முகர்ந்தும் பார்க்கலாகாது. வெல்லம் போதுமா, காரம் மிகுந்ததா என்று நாக்கைக் கேட்க வழியில்லை. அக்காலத்துப் பாட்டிமார் இன்ன சொம்புக்கு இத்தனை அச்சு வெல்லம், இத்தனை ஏலக்காய் என்று கணக்கு வைத்திருந்ததன் காரணம் இதுவே. அவர்களுக்கு அளவுதான் நாக்காக இருந்தது.

இன்று அந்தக் கணக்குக்கு இன்னொரு பயனும் சேர்ந்திருக்கிறது. பானகம் அருந்த அமர்கின்ற பெரியவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். இன்னொருவருக்கு இரத்த அழுத்தம். மற்றொருவருக்குச் சிறுநீரகக் கோளாறு. எந்தப் பாத்திரத்தில் எவ்வளவு வெல்லம், எவ்வளவு உப்பு என்று தெரிந்திருந்தால், அவரவர் எவ்வளவு பிரசாதம் ஏற்கலாம் என்பதும் தெரிந்துவிடும். அளவு தெரியாதபோது ஒன்று பிரசாதத்தை அடியோடு மறுக்க நேர்கிறது. அல்லது பிரசாதம் எதுவும் செய்யாது என்று இரண்டு டம்ளர் அருந்திவிட்டு மாலையில் தலைசுற்றலோடு படுக்க நேர்கிறது.

பானகம்: ஒரு லிட்டருக்கு

தேவையானவை: காய்ச்சி ஆறவைத்த நீர் 1 லிட்டர், வெல்லம் 120 கிராம், சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் 4, மிளகு 6, சிறிய எலுமிச்சம்பழம் 1, உப்பு ஒரு சிட்டிகை, பச்சைக் கற்பூரம் கடுகளவு, துளசி சில இதழ்கள்.

செய்முறை: வெல்லத்தைத் தட்டி, கால் பங்கு நீரில் அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். நன்றாகக் கரைந்தபின் மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். வெல்லத்தில் மணலும் கரும்புச் சக்கையும் இருப்பது இயல்பாதலால், வடிகட்டுவதை எக்காரணம் கொண்டும் விடலாகாது. மீதி நீரைச் சேர்த்து, ஏலக்காயையும் மிளகையும் அப்போதே பொடித்துச் சேர்த்து, சுக்குப் பொடியும் உப்பும் இட்டுக் கலக்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றையும் பச்சைக் கற்பூரத்தையும் கடைசியில் சேர்த்தால் மணம் தங்கும். நிவேதனம் செய்யும்போது துளசி இதழ்.

வெல்லம் வாங்கும்போது வெளுத்த நிறத்தைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. வெல்லம் இயற்கையில் பழுப்பு நிறமுடையது. பளிச்சென்ற மஞ்சள் நிறம் பெரும்பாலும் வெளுப்பு மருந்தின் வேலை. கரிய வெல்லத்தில் செய்த பானகம் நிறத்தில் சற்றே மங்கலாக இருப்பினும் மணத்தில் குறையாது.

பானகம் காலையிலேயே செய்து வெயிலில் வைக்கும் பண்டம் அன்று. வெல்ல நீர் கோடை வெப்பத்தில் விரைவில் புளிக்கத் தொடங்கும். பூஜைக்கு ஒரு மணி நேரம் முன்பாகச் செய்து, அன்று பிற்பகலுக்குள் வழங்கி முடிப்பதே முறை. ஈரத்துணி சுற்றிய மண்பானையில் வைத்தால் பனிக்கட்டி வேண்டாம். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் உடன் கொண்டு போகிறது. காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களைக் காட்டிலும் மதுரை, திருச்சி போன்ற உலர்ந்த ஊர்களில் இந்தக் குளிர்ச்சி நன்கு தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, கற்பூரம். பானகத்தில் சேர்ப்பது பச்சைக் கற்பூரம் மட்டுமே. ஆரத்திக்கு ஏற்றும் பூஜைக் கற்பூரம் உண்ணத்தக்கதன்று. அது உடலுக்குள் சென்றால் வலிப்பு வரை கொண்டுபோகும். குழந்தைகளுக்குச் சிறு வில்லையே பேராபத்தாகும். இரண்டும் வெண்மையாக, சிறு டப்பிகளில், அதே பூஜை அலமாரியில் இருப்பவை. கண் பார்வை மங்கிய வயதில் கை மாறிவிடுவது எளிது. ஆகையால் பச்சைக் கற்பூரத்தைச் சமையலறையில், ஏலக்காய் டப்பியின் பக்கத்தில், பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி வைப்பது நலம். உண்ணும் கற்பூரம் என்று டப்பியில் அச்சிட்டிருப்பதை உறுதி செய்தபின்தான் வாங்க வேண்டும். அதுவும் கடுகளவைத் தாண்டலாகாது. ஐயம் எழுந்தால் சேர்க்காமலே விட்டுவிடலாம். ஏலமும் துளசியும் இருக்கையில் பானகத்துக்கு மணக்குறை இல்லை.

இரண்டாவது, பாத்திரம். பூஜைக்கென்று பரணிலிருந்து இறக்கிய செப்புக் குடத்திலும் பித்தளைத் தவலையிலும் பானகத்தையோ மோரையோ ஊற்றி வைக்கலாகாது. எலுமிச்சையின் புளிப்பும் மோரின் புளிப்பும் செம்பைக் கரைத்துவிடும். களிம்பேறிய பானம் குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கும். முன்னோர் பித்தளையைப் பயன்படுத்தியபோது உட்புறம் ஈயம் பூசாமல் பயன்படுத்தியதில்லை. ஈயம் பூசுவோர் தெருவில் வருவது அருகிவிட்ட இந்நாளில் வெள்ளி, எவர்சில்வர், மண்பானை ஆகியவற்றில் ஒன்றே தக்கது.

நீர்மோர்: ஒரு லிட்டருக்கு

தேவையானவை: புளிக்காத தயிர் 1 டம்ளர், நீர் 4 டம்ளர், தோல் சீவிய இஞ்சி ஒரு சிறு துண்டு, பச்சை மிளகாய் பாதி, கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை, பெருங்காயம் ஒரு சிட்டிகை, உப்பு அரைத் தேக்கரண்டி. தாளிக்க விரும்பினால் கால் தேக்கரண்டி நெய்யும் கடுகும்.

செய்முறை: தயிரைக் கடைந்து, மேலே திரளும் வெண்ணெயை எடுத்துவிட்டு, நீரைச் சேர்த்து மீண்டும் ஆற்ற வேண்டும். இஞ்சியையும் மிளகாயையும் நசுக்கிச் சேர்த்துச் சிறிது நேரம் ஊறியபின் வடிகட்டிவிடுவது முதியோர்க்கு நல்லது. தொண்டையில் திப்பி சிக்காது. பிறகு கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் கிள்ளிப் போட்டு, பெருங்காயமும் உப்பும் சேர்க்க வேண்டும்.

இங்கே விரதம் இருப்போர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கடையில் கிடைக்கும் தூள் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். தானியம் தவிர்த்து உபவாசம் இருப்பவர்கள் டப்பியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கலாம். அல்லது அன்றைக்குப் பெருங்காயத்தை விட்டுவிடலாம்.

புதினாவைப் பற்றிப் பல வீடுகளில் கேள்வி எழுவதுண்டு. பேரப்பிள்ளைகள் புதினா மணத்தை விரும்புகின்றனர். குளிர்பானம் என்றாலே புதினா என்னும் காலம் இது. ஆயினும் சில குடும்பங்களில் புதினாவை நைவேத்தியத்தில் சேர்க்கும் வழக்கம் இல்லை. அத்தகைய இல்லங்களில் நிவேதனம் ஆனபின், குழந்தைகளின் பங்கைத் தனியே எடுத்து, நான்கைந்து புதினா இலைகளைக் கசக்கிச் சேர்த்துக் கொடுக்கலாம். இலையை விழுதாக அரைத்தால் மோர் கசக்கும். உள்ளங்கையில் கசக்கிப் போட்டால் மணம் மட்டும் இறங்கும். வழக்கமும் கெடாது, குழந்தைகளும் பாட்டில் பானத்தைத் தேட மாட்டார்கள்.

யாருக்கு எவ்வளவு?

மேற்சொன்ன அளவில் செய்த பானகத்தின் ஒரு டம்ளரில், அதாவது 200 மில்லியில், ஏறத்தாழ 24 கிராம் வெல்லம் இருக்கும். அது ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். வெல்லம் சர்க்கரையைவிட உயர்ந்தது, ஆகவே சர்க்கரை நோயாளியும் அருந்தலாம் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதனால் பிரசாதத்தை மறுக்கவும் வேண்டாம். தீர்த்தம் போல மூன்று உத்தரணி ஏற்றால் உள்ளே போவது 2 கிராமுக்கும் குறைந்த வெல்லமே. பிரசாதத்தின் பெருமை அளவில் இல்லை என்பதைப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டு, உச்சிப் பூஜை முடியும்வரை பட்டினி இருக்கும் பெரியவர்களுக்குச் சர்க்கரை திடீரெனக் குறைந்துவிடலாம். கை நடுக்கம், குப்பென்ற வியர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். அந்த வேளையில் அரை டம்ளருக்குச் சற்று மிகுதியாகப் பானகம் கொடுத்தால் சுமார் 15 கிராம் வெல்லம் உடலில் சேரும். கால் மணி நேரத்தில் தெளிவு வரும். வராவிட்டால் மீண்டும் அதே அளவு கொடுத்து மருத்துவரை நாட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. நைவேத்தியம் இன்னும் ஆகவில்லையே என்று அப்போது தயங்குவது தகாது. உயிருக்குத் துணை நிற்பதைவிடப் பெரிய நிவேதனம் இல்லை. இத்தகையோர் உபவாசத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, மருந்தின் அளவை மாற்றிக்கொள்வது இன்றியமையாதது.

நீர்மோருக்கு வருவோம். ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது சுமார் 5 கிராம், போடுவது பல வீட்டு வழக்கம். அப்படிச் செய்தால் டம்ளருக்கு 1 கிராம் ஆகிறது. பெரியவர் ஒருவர் ஒரு நாள் முழுவதும் கொள்ளத்தக்க உப்பு 5 கிராமுக்கும் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரண்டு டம்ளர் மோரிலேயே ஏறக்குறைய பாதி கழிந்துவிடும். அரைத் தேக்கரண்டி உப்போடு நிறுத்தி, இஞ்சியையும் கறிவேப்பிலையையும் சற்றுத் தாராளமாகச் சேர்த்தால் சுவையில் குறை தெரியாது. சிறுநீரக நோயும் இதய நோயும் உடையவர்களுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு நீர்தான் என்று மருத்துவர் வரையறுத்திருப்பார். பானகமும் மோரும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

இந்நோய்கள் எதுவும் இல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மங்கிவிடுகிறது. உடல் வற்றியிருக்கும், நாக்கு கேட்காது. தாகம் எடுக்கட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்கும் முதியவரே கோடையில் மயங்கி விழுகிறார். நவமி விரதத்தை நீரும் அருந்தாமல் இருந்தே தீர வேண்டும் என்னும் கட்டாயம் முதியோர்க்கும் நோயாளிகளுக்கும் இல்லை. காலைமுதல் சிறிது சிறிதாக நீர் அருந்தி, உச்சியில் பானகத்தோடு விரதத்தை நிறைவு செய்வதே வெயில் காலத்துக்கு ஏற்றது.

ஐந்து டம்ளரின் கணக்கு

முன்னாளில் ராம நவமியன்று விசிறியும் குடையும் பாதரட்சையும் தானம் செய்வது வழக்கம். தெருமுனையில் கீற்றுப் பந்தல் எழும். யார், எவர் என்று கேளாமல் நீட்டிய கையில் எல்லாம் மோர் வார்ப்பார்கள். இன்று பல இல்லங்களில் முதிய தம்பதியர் இருவர் மட்டுமே. பிள்ளைகள் வெளியூரில் அல்லது வெளிநாட்டில். பந்தல் போட ஆள் இல்லை. இரண்டு பேருக்காக எதற்கு இத்தனை பாடு என்று பூஜையை ஒரு பழத்தோடு முடித்துக்கொள்ளும் வீடுகள் பெருகிவருகின்றன. மூட்டுவலியும் தள்ளாமையும் கண்கூடு. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

ஆனால் ஒரு லிட்டர் மோர் என்பது ஐந்து டம்ளர். வீட்டில் இருவர் அருந்தியது போக மூன்று டம்ளர் மிஞ்சும். நண்பகலில் அடுக்ககத்தின் வாயிலில் ஒரு காவலாளி நாற்காலியில் வியர்த்து அமர்ந்திருக்கிறார். மாடிப்படி கூட்டும் அம்மாள் அப்போதுதான் துடைப்பத்தைச் சாத்திவைக்கிறார். பொட்டலம் கொண்டுவரும் பையன் மூன்று மாடி ஏறி மணியை அழுத்துகிறான். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடும் அவசரம் அவனுக்கு. மூவருக்கு மூன்று டம்ளர். “கொஞ்சம் இருப்பா, மோர் குடிச்சுட்டுப் போ” என்று ஒரு சொல். பந்தல் போட்டவர்கள் செய்ததும் இதுவேதான். அவர்கள் ஆயிரம் பேருக்குச் செய்தார்கள், இங்கே மூவருக்கு நடக்கிறது.

மங்களகிரிப் பெருமான் பாதியை ஏற்றுப் பாதியைத் திருப்பித் தருவது எதற்காக? திரும்பி வந்த பாதி, கொண்டுவந்தவனின் வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை அடியார்கள் அறிவர். ராம நவமியன்று உச்சிப் பூஜை முடிந்து கற்பூரம் அணைந்ததும், முதல் டம்ளரை வாசலுக்கு எடுத்துச் சென்று கொடுத்துவிட்டு, அடுத்த டம்ளரை வீட்டினர் அருந்தட்டும். வெயிலில் நின்றவன் குடித்து முடித்து முகம் துடைக்கும்போது, காட்டுவழி நடந்த பெருமானும் திருவுள்ளம் குளிர்வான்.

ஸ்ரீராமஜயம்.